இறங்கினால் ஏற முடியாத குதிரை

என் உயரம் நாலே முக்கால் அடி. அந்தக் குதிரையின் முதுகு என் உச்சந்தலைக்கு மேலே இன்னும் ஒரு சாண் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் சுலபம்.

எழுபதுகளின் கடைசியில் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்தேன். வயது நாற்பத்திரண்டு. காலையில் டிஸ்பென்சரி, மதியம் கூலிக்காரர்களின் லைன் வீடுகள், சாயங்காலம் மறுபடியும் டிஸ்பென்சரி. இது போதாதென்று பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மலைக்காரர்களின் ஊர் ஒன்று. ஐந்து மைல் ஒற்றையடிப் பாதை. அங்கிருந்துதான் காபிப் பறிப்புக்கு ஆள் வர வேண்டும் என்பதால், வாரம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். எட்டு வருஷம் நடந்தேன். முதல் மூன்று வருஷம் காய்ச்சல் மாத்திரையை வாங்கிக்கொள்வார்கள், சுடச்சுடச் சாமைச் சோறு போடுவார்கள், பிரசவம் என்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பிறகு ஒருத்தி கூப்பிட்டாள். அப்புறம் இன்னொருத்தி. எட்டாவது வருஷம் பாதி வீடுகளிலாவது கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அதற்குள் என் வலது முழங்கால் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முழங்கால் போட்டால் எழுந்திருக்க முடியாது. பூசை முடியும்வரை அப்படியே இருந்துவிடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. அந்த வருஷம் எதையும் திருத்துகிற தெம்பு எனக்கு இல்லை.

முழங்காலைப் பற்றி மேனேஜரிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு. எஸ்டேட் முதலாளி தன் மகனுக்காகப் பெங்களூரிலிருந்து ஒரு குதிரை வாங்கியிருந்தார். மகன் வெளிநாடு போய்விட்டான். குதிரை லாயத்தில் நின்று தின்றுகொண்டிருந்தது. மேனேஜருக்கு அதைப் பார்த்தாலும் எரிச்சல், என்னைப் பார்த்தாலும் எரிச்சல். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் ஒரே தலைவலியாகப் போகும் என்று கணக்குப் போட்டிருப்பார். "குதிரை சும்மாதானே நிக்குது, எடுத்துக்குங்க" என்றார். ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுமே, அந்த மட்டக்குதிரை மாதிரி ஒன்று என்று நினைத்துச் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் லாயத்திலிருந்து வெளியே வந்தது ஒரு வீடு. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. அதைப் பார்த்துக்கொள்கிறவர் குப்பனூர்க்காரர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், சேலத்தில் ஜட்கா ஓட்டியவர். அவரே அதன் கழுத்துக்குக் கீழேதான் நின்றார். "நொம்ப சாதுவுங்க" என்றார். அது என்னைக் குனிந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

அன்றைக்கு நான் குதிரை ஏறியதைப் பார்க்க எஸ்டேட்டே கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் சேலத்தில் வேலையில் இருந்தார், சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறி வருவார். அவருடைய பழைய கால்சட்டை ஒன்றைப் புடவைக்குள் போட்டுக்கொண்டு நின்றேன். கால் வைக்கிற இரும்பு வளையம் என் மார்புக்கு நேரே தொங்கியது. அதில் காலை எங்கே வைப்பது? கையைத்தான் வைக்கலாம். பறிப்புக்கு வந்த பெண்கள் ஓடிப்போய் மிளகு பறிக்கிற ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒற்றை மூங்கிலில் ஆப்பு அடித்த ஏணி. அதை சில்வர் ஓக் மரத்தில் சாத்துவதுபோல் குதிரையின் விலாவில் சாத்தினார்கள். நாலாவது ஆப்பில் நான் நிற்கும்போது குதிரை புல்லைப் பார்த்து இரண்டு அடி தள்ளிப் போயிற்று. ஏணியோடு நானும் கீழே வந்தேன். பெண்கள் சிரித்த சிரிப்பு கிளியூர் அருவி வரைக்கும் கேட்டிருக்கும்.

"மரமுன்னா நிக்குமுங்க. இதுக்குக் காலிருக்குதுங்களே" என்றார் குப்பனூர்க்காரர். கடைசியில் டிஸ்பென்சரி வராந்தாவில் என்னை நிற்க வைத்து, குதிரையைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, ஒரு மூட்டையைத் தள்ளுவதுபோல் தள்ளி ஏற்றினார். வராந்தா தரையிலிருந்து ஆறு படி உயரம். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் புறப்படுவது அங்கிருந்துதான். திரும்பி வருவதற்கு மலை ஊரில் களத்து மதில் இருந்தது, அதன்மேல் ஏறி நின்றுகொள்வேன். உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் இல்லை. முழங்கால் வலிக்கவில்லை. காபிச் செடிகளுக்கு மேலே தலை தெரியப் போகும்போது, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமை முதல் பயணத்திலேயே பாதி வழியில் இறங்கியது. ஊருக்கு ஒன்றரை மைல் முன்னால் பாதை ஒரு பெரிய மரத்தடி வழியாகப் போகும். மரத்தடியில் நட்ட கற்கள், நாலைந்து வேல். அது அந்த ஊர்க்காரர்களின் சாமி. அந்த இடத்தில் யாரும் செருப்போடு நடக்கமாட்டார்கள், குடையை மடக்கிவிடுவார்கள். எட்டு வருஷமாக நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவேன். அது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றியதில்லை. குதிரைமேல் போனபோது, மரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே குப்பனூர்க்காரர் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"எறங்கோணுமுங்க. சாமிக்கு முன்னால ஏறிக்கிட்டுப் போகக் கூடாது."

"நான் மாதா கோயிலுக்குப் போறவ. எனக்கு எதுக்குங்க?"

"சாமிக்கு அது தெரியுமுங்க. ஊருக்குத் தெரியோணுமில்லீங்க."

விறகுக் கட்டோடு வந்த இரண்டு பெண்கள் ஒதுங்கி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் பிள்ளையை எடுத்தவள் நான். முகத்தில் சிரிப்பு இல்லை. சறுக்கி இறங்கினேன். வெறுங்காலோடு குதிரைக்குப் பக்கத்தில் நடந்து மரத்தடியைத் தாண்டினேன். பிறகுதான் அவர்கள் "வாங்க நர்சம்மா" என்றார்கள். தாண்டியதும் குப்பனூர்க்காரர் குனிந்து முதுகைக் கொடுத்தார், அதன்மேல் கால் வைத்து ஏறினேன். வயதானவர் முதுகில் கால் வைக்கிறோமே என்று கூசியது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

இப்படி இரண்டு மாதம் ஓடியது. மார்கழியில் காபிப் பறிப்பு மும்முரமானதும் பழம் அரைக்கிற மெஷினுக்கு ஆள் பற்றவில்லை என்று மேனேஜர் குப்பனூர்க்காரரை அங்கே போட்டுவிட்டார். "குதிரைக்குத்தான் வழி தெரியுமே, தனியா போங்க" என்றார். குதிரைக்கு வழி தெரியும். எனக்கு ஏறத் தெரியாது. வராந்தாவில் ஏறிப் போவேன், மரத்தடியில் இறங்குவேன், அதற்குமேல் ஏற வழியில்லாமல் ஒன்றரை மைல் மேட்டில் அந்த ஆகிருதியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடப்பேன். திரும்பும்போது களத்து மதிலில் ஏறி, மரத்தடியில் இறங்கி, மிச்ச மூன்றரை மைலையும் நடப்பேன். குதிரை இல்லாத காலத்தில் நடந்தபோது நான் மட்டும் நடந்தால் போதும். இப்போது அதையும் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. எதிரே வருகிறவர்கள் "ஏனுங்க நர்சம்மா, குதிரைய மேய்க்கப் போறீங்களா?" என்று கேட்பார்கள். முதல் வாரம் நானும் சிரித்தேன். பிறகு முடியவில்லை.

மேனேஜரிடம் போய்க் குதிரை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அவர் ஏதாவது பேசுவார், நான் ஏதாவது பேச வேண்டும். அதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. நடந்தேன்.

அந்த ஊரில் அப்போது ஒரு பெண் முழுகாமல் இருந்தாள். இருபத்திரண்டு வயது. முதல் இரண்டும் பிறக்கும்போதே போய்விட்டன, இரண்டுக்கும் என்னைக் கூப்பிடவில்லை. மாமியார்க்காரி பழைய கட்டை. மூன்றாவதுக்கு ஏழாம் மாதத்தில் அந்தப் பெண்ணே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவ நீங்க இருக்கோணுமுங்க நர்சம்மா. இதுவும் போயிட்டா எனக்கு இன்னொரு தடவ சுமக்கத் தெம்பில்லீங்க" என்றாள். தெம்பில்லை என்ற வார்த்தையை அவ்வளவு சின்ன வயதுக்காரி சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று மாமியாரிடம் கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. வலி எடுத்ததும் ஆள் அனுப்புகிறேன் என்கிற அளவுக்குத்தான் மாமியார் இறங்கி வந்தாள். "கண்டிப்பா வருவேன் கண்ணு" என்று அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தேன்.

தை மாதம் ஒரு காலை, டிஸ்பென்சரியில் இருமலும் புண்ணுமாக வரிசை நின்றுகொண்டிருக்கும்போது அவள் புருஷன் ஓடி வந்தான். விடியற்காலையிலிருந்தே வலி. மாமியார் வெளிச்சம் வரட்டும் என்று அவனை நிறுத்தி வைத்திருந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, கோபப்பட நேரமில்லை. ஒரு சீட்டு எழுதி அவன் கையில் கொடுத்து, டவுன் ஆஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிக்கொண்டு வா என்று அப்படியே அனுப்பினேன். "நீங்க முன்னால போயிருங்க நர்சம்மா" என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான். பையை எடுத்துக்கொண்டு வராந்தாவிலிருந்து குதிரையில் ஏறினேன். அன்றைக்கு முதல் தடவையிலேயே சரியாக உட்கார்ந்தேன். குதிரை அருமையாக ஓடியது. பெரிய குதிரைக்குக் காலடியும் பெரியது. மூன்றரை மைல் போனதே தெரியவில்லை. பிள்ளைக்கு முன்னால் போய்விடுவேன் என்ற நிச்சயம் எனக்குள் வந்துவிட்டது.

அப்போது அந்த மரம் தெரிந்தது.

அங்கே ஒருவரும் இல்லை. இறங்காமல் போனால் அரை நொடியில் தாண்டிவிடலாம். ஆனால் தரை பனியில் நனைந்து மெத்தென்று இருந்தது. அந்த மலையில் அந்த அளவு லாடம் போட்ட குதிரை வேறு கிடையாது. நட்ட கற்களுக்கு முன்னால் குளம்படி விழுந்திருக்கும், பக்கத்தில் என் வெறுங்கால் தடம் இருக்காது. விறகுக்கு வருகிற முதல் ஆளே பார்த்துவிடுவார். நர்சம்மா ஏறிக்கொண்டே போய்விட்டாள் என்று மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பிள்ளை நன்றாகப் பிறந்தால் மன்னிப்பார்கள். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் சாமிக் குற்றம் என் தலையில் விழும், அதன் பிறகு அந்த ஊரில் ஒரு கதவும் எனக்குத் திறக்காது. எட்டு வருஷம் நடந்தது வீணாகிவிடும். இதெல்லாம் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் என் மனதில் ஓடியது. இறங்கினேன்.

செருப்பைக் கழற்றி நடந்து தாண்டினேன். தாண்டியதும் நேரே நடக்க ஆரம்பித்திருந்தாலாவது சரி. ஆனால் அன்றைக்கு எப்படியாவது ஏறிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. இடுப்பு உயரத்தில் ஒரு பாறை இருந்தது, பாசி பிடித்தது. அதன்மேல் ஏறி நின்று குதிரையை இழுத்தேன். கிட்டே வந்தது. காலைத் தூக்கினேன், விலகிப் போயிற்று. இறங்கி, சுற்றி இழுத்து வந்து, மறுபடி ஏறினேன். மறுபடி விலகியது. பிடரி மயிரைப் பிடித்துத் தாவினேன். வயிறு சேணத்தின்மேல் படுத்த மாதிரி ஆயிற்று, கால் இரண்டும் இந்தப் பக்கம் உதைத்துக்கொண்டிருந்தன, அப்படியே சறுக்கிக் கீழே விழுந்தேன். பை திறந்துகொண்டது. கொதிக்க வைத்து எடுத்து வந்த சாமான்களெல்லாம் சேற்றில். பொறுக்கினேன். அழுதுகொண்டே பொறுக்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். குதிரை கொஞ்ச தூரத்தில் நின்று புல் மேய்ந்தது. அதன்மேல் எனக்கு அப்போது வந்த வெறுப்பை வேறு எந்த உயிரின்மேலும் நான் உணர்ந்ததில்லை. அது என்ன செய்யும், உயரமாகப் பிறந்தது அதன் குற்றமா?

கடிகாரத்தைப் பார்த்தபோது அரை மணி நேரம் போயிருந்தது. குதிரையை அங்கேயே விட்டுவிட்டு மேட்டில் ஏறினேன். முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு, ஓட முடிந்த இடத்தில் ஓடி, முடியாத இடத்தில் நடந்தேன்.

வாசலில் பெண்கள் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. பையன். நல்ல எடை, தலை நிறைய முடி. அழவில்லை. கொடிகூட இன்னும் அறுக்கவில்லை, உடம்பில் சூடு இருந்தது. பிறந்து கால் மணி நேரம் இருக்கும் என்றார்கள். வாய்க்குள் விரல் விட்டுத் துடைத்தேன், குழாய் வைத்து உறிஞ்சினேன், என் வாயை வைத்து ஊதினேன். அழாமல் பிறந்த பிள்ளைகளை அதற்கு முன்னால் மூன்று நாலு தடவை அழ வைத்திருக்கிறேன். அந்த வித்தை என் கையில் இருந்தது. நேரம்தான் இல்லை. வெகு நேரம் ஊதிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, யாரோ என் தோளைத் தொட்டு "போதுமுங்க" என்றார்கள்.

மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் சேறு பிடித்த காலையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"சாமிகிட்ட எறங்கித்தானுங்களே வந்தீங்க?"

"எறங்கித்தான் வந்தேன்."

"அப்பச் செரிங்க. நம்ம மேல குத்தமில்ல. அதுக்கு ஆயுசு அவ்வளவுதானாட்ட இருக்குது."

அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னாள். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதமே அந்த ஊரில் இன்னொரு வீட்டில் பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள். எதைக் காப்பாற்ற வேண்டும் என்று இறங்கினேனோ அது பத்திரமாக இருந்தது. டாக்டர் மத்தியானத்துக்குமேல் வந்தார், தாயைப் பார்த்தார், ஒன்றும் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

குதிரை எனக்கு முன்னாலேயே லாயத்துக்குத் திரும்பியிருந்தது. அன்று சாயங்காலமே மேனேஜரிடம் குதிரை வேண்டாம் என்று சொன்னேன். நான் நினைத்த மாதிரி அவர் ஒன்றும் பேசவில்லை. "சரிங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவா ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

மூன்றாம் நாள் தாயைப் பார்க்க நடந்தே போனேன். பால் கட்டிக்கொண்டு அவளுக்குக் காய்ச்சல். மார்பில் துணி வைத்துக் கட்டிவிட்டேன், மாத்திரை கொடுத்தேன். மாமியார் வெளியே ராகி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். குளம்பு மிதித்த சேற்றையும், நான் விழுந்து புரண்ட இடத்தையும் டாக்டரோடு வரும்போது பார்த்துவிட்டு அவள் புருஷன் வந்து சொல்லியிருக்கிறான். மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க நர்சம்மா, எறங்கினா உங்களுக்கு ஏற முடியாதுங்களா?"

"முடியாது கண்ணு."

"தெரிஞ்சேதான் எறங்குனீங்களா?"

நான் தலையாட்டினேன். உங்கள் ஊரில் கோபித்துக்கொள்வார்களே என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. ரொம்பக் களைத்திருந்தாள்.

"ஏறிக்கிட்டே வந்திருக்கலாமுங்களே" என்றாள். "எங்க சாமிதானுங்களே. நான் சாமிகிட்டச் சொல்லியிருப்பேன்."

எட்டு வருஷமாக அந்த ஊரைத் தெரிந்து வைத்திருந்தவள் நான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.